லூயி அன்ட்ரீசனின் 'வேர்க்கர்ஸ் யூனியன்': தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து வாசிக்கலாமா?

தலவாக்கலை சங்கீத டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். நான் படித்ததெல்லாம் கர்நாடக சங்கீதம், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எடுத்து வந்த ஆள். மேலைத்தேய சங்கீதம் என்றால் பாண்ட் குழுப் பிள்ளைகளுக்கு மெலோடிக்கா பழக்கும் அளவுக்குத்தான் தெரியும்.

அண்மையில் யூடியூப்பில் எதையோ தேடப் போய், லூயி அன்ட்ரீசன் என்ற நெதர்லாந்துக்காரர் எழுதிய 'வேர்க்கர்ஸ் யூனியன்' கண்ணில் பட்டது. பெயரைப் பார்த்துத்தான் அமுக்கினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு 'யூனியன்' என்ற சொல்லைக் கண்டால் கை தானாகப் போகும். மேடையில் ஒரு கூட்டம். ஒருவர் சாக்சபோன், ஒருவர் எலக்ட்ரிக் கிட்டார், இரண்டு பேர் பியானோ, ஓரத்தில் ஒருவர் ஏதோ இரும்பைத் தட்டுகிறார். மெட்டு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே வெட்டில் போகிறார்கள், ஒரே இடத்தில் சட்டென்று நிற்கிறார்கள், திரும்ப ஒரே இடத்தில் விழுகிறார்கள். முதலில் தலை வலித்தது. பிறகு நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த நாள் எட்டாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்தார்கள், காதைப் பொத்தினார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒரு பையன் மட்டும் மேசையில் கூடவே அடிக்கத் தொடங்கிவிட்டான். அவன் அப்பா எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர்.

கலைவிழா வருகிறது. வருடா வருடம் கும்மி, கோலாட்டம், ஒரு சினிமாப் பாட்டு நடனம். இந்த முறை இதைச் செய்து பார்த்தால் என்ன என்று ஆசை. எங்களிடம் மெலோடிக்கா, ரெக்கோர்டர், பாண்ட் குழுவின் மேளங்கள், ஓர் ஆர்மோனியம், ஒரு பழைய கீபோர்ட் இருக்கிறது. தப்பையும் சேர்க்க நினைக்கிறேன். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாப் நொட்டேஷன் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்கும் அரைகுறைதான். அதிபர், "செய்ங்க டீச்சர், ஆனா சத்தம் கூடாம பாத்துக்கங்க" என்கிறார்.

இந்த மனிதர் யார், இந்தத் துண்டு எப்படி எழுதப்பட்டது, எங்களால் முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை ஆர்மோனியம்:

டீச்சர், தாராளமாகச் செய்யுங்கள். அதிபர் சொன்னதுதான் கொஞ்சம் இடிக்கிறது. அந்தத் துண்டின் தலைப்புக்குக் கீழேயே, சத்தமாக ஒலிக்கும் எந்த வாத்தியக் கூட்டத்துக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார் மனிதர். என்ன வாத்தியம், எத்தனை பேர் என்று அவர் கவலைப்படவில்லை. சத்தம் மட்டும் வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு ஒல்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த ஆள் நான். அம்ஸ்டர்டாமில் ஓர் இசை மண்டபத்தில் துப்புரவு வேலை. பகலில் ஒத்திகை நடக்கும், நாங்கள் பின் வரிசைக் கதிரைகளுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருப்போம். அப்படித்தான் இவருடைய 'ஹோகெட்டுஸ்' காதில் விழுந்தது. 1976இல் எழுதியது. மேடையின் ஒரு பக்கம் ஒரு கூட்டம், மறுபக்கம் அதே வாத்தியங்களோடு இன்னொரு கூட்டம்: பான் குழல், பியானோ, மின்பியானோ, பேஸ் கிட்டார், கொங்கா மேளம். இவர்கள் ஓர் அடி அடித்தால் அந்த இடைவெளியில் அவர்கள் ஓர் அடி. மெட்டு இரண்டு பக்கமும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும், நடுவில் இருக்கிறவன் காதில்தான் அது ஒன்றாகச் சேரும். மாசி மாதம் காமன் கூத்தில் இரண்டு தோட்டத்துத் தப்புக்காரர்கள் எதிரெதிரே நின்று அடித்த மாதிரியே இருந்தது எனக்கு. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மேற்பார்வை பார்த்த பெண்மணி வந்து முதுகில் தட்டினார்.

ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1939 ஜூன் 6, உத்ரெக்ட் நகரத்தில் பிறந்தார். (நம்முடைய இலங்கை இந்தியர் காங்கிரஸ் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம். ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா சொன்னேன்.) வீடே சங்கீத வீடு. அப்பா ஹென்ட்ரிக், தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர், பெயர்பெற்ற இசையமைப்பாளர், டென் ஹாக் (த ஹேக்) அரச இசைக் கல்லூரியின் தலைவராக 1949இலிருந்து 1957 வரை இருந்தவர். பெரியப்பா வில்லெம் பியானோக் கலைஞர். அண்ணன் யூரியானும் இசையமைப்பாளர். இவர்தான் கடைக்குட்டி. அப்பாவிடம் படித்து, டென் ஹாக் கல்லூரியில் கேஸ் வான் பாரனிடம் படித்து, பிறகு மிலானிலும் பெர்லினிலும் லூச்சானோ பெரியோவிடம் படித்தார். இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர் பேசாமல் இருந்திருந்தால் நல்ல உத்தியோகம், நல்ல பெயர் எல்லாம் தானாக வந்திருக்கும்.

இவரோ 1969 நவம்பர் 17ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கொன்செர்ட்கெபௌ மண்டபத்துக்குள் கூட்டாளிகளோடு போய் உட்கார்ந்தார். பெர்னார்ட் ஹைட்டிங்க் நடத்திய கச்சேரி. தொடங்கியதும் இவர்கள் கையில் வைத்திருந்த தகரத் தவளைகளையும் கிலுகிலுப்பைகளையும் எடுத்துச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நாட்டின் பெரிய ஓர்கெஸ்ட்ரா புதிய இசையை ஏன் ஒதுக்குகிறது, எதை வாசிப்பது என்று யார் தீர்மானிப்பது, அதைச் சபையில் வைத்துப் பேசு என்பதுதான் கோரிக்கை. பேசவில்லை, தூக்கி வெளியே போட்டார்கள். ரைன்பெர்ட் டெ லேவ், மிஷா மெங்கெல்பெர்க், பீட்டர் ஸ்காட் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் நான் அங்கே இல்லை, ஆனால் பிறகு நான் பார்த்த வயதான இசைக்காரர்கள் எல்லாருக்கும் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு கருத்து இருந்தது, பாதிப் பேருக்கு இன்னும் கோபம்.

அதற்குப் பிறகு வழக்கமான சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவதையே நெடுங்காலம் விட்டுவிட்டார். வயலின்காரர்கள் முப்பது பேர் ஒரே வரியை வாசிக்க, தடியோடு நிற்கிறவர் சொல்வதை எல்லாரும் கேட்க, வாசிக்கிறவனுக்கு ஒரு சொல்லும் இல்லை என்ற அமைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மேடையில் ஏறித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, மாற்று ஒன்றைக் கட்டினார். 1972இல் 'டெ ஃபொல்ஹார்டிங்' என்ற குழு. சாக்சபோன், ட்ரம்பெட், ட்ரொம்போன், பியானோ. ஜாஸ்காரர்களும் கல்லூரியில் படித்தவர்களும் கலந்து. பியானோவில் அன்ட்ரீசனே. மண்டபத்தில் மட்டும் வாசிக்கவில்லை, ஊர்வலம், அரசியல் கூட்டம், தெரு என்று போய் வாசித்தார்கள். தெருவில் வயலின் யாருக்குக் கேட்கும்? அதனால்தான் ஊதுகுழல்கள். 'வேர்க்கர்ஸ் யூனியன்' 1975இல் அந்தக் குழுவுக்காக எழுதியது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கோரை, அதாவது இசை எழுதிய ஏட்டைத் திறந்தால் ஐந்து கோடு இருக்காது, ஒரே ஒரு கோடுதான். அந்தக் கோடு உங்கள் வாத்தியத்தின் நடு ஸ்தாயி. புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் மேலே வாசி, கீழே இருந்தால் கீழே வாசி, தூரமாக இருந்தால் தூரமாகப் போ. எந்தச் சுரம் என்பது உன் விருப்பம். ஆனால் தாளம் ஓர் அணுவும் பிசகக்கூடாது. அங்கே சலுகை கிடையாது. ஒவ்வொருவரும் தன்னுடைய பங்கு இல்லாவிட்டால் இது நடக்காது என்ற எண்ணத்தோடு வாசித்தால்தான் இது தேறும், அரசியல் வேலையும் அப்படித்தான் என்று முன்குறிப்பில் எழுதியிருக்கிறார். தலைப்பில் உள்ள யூனியன் அதுதான். பாட்டு வரி இல்லை, கோஷம் இல்லை, கொடி இல்லை. வாசிக்கும் முறையே யூனியன்.

ஸ்டாப் நொட்டேஷன் தெரியாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். நீங்கள் கர்நாடகம் படித்தவர், உங்களுக்கு இது மற்றவர்களைவிட லேசு. பெரும்பாலும் ஒரே அளவான வேக அட்சரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், கூட்டுகள்தான் ஒழுங்கில்லாமல் மாறும். அதை அப்படியே சொற்கட்டாக எழுதிக்கொள்ளுங்கள்: தக, தகிட, தகதிமி, தகதகிட. மௌனம் வரும் இடத்தில் கையை விரித்துக் காட்டுங்கள். முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு கைதட்டட்டும், வாத்தியத்தைக் கடைசியில் கொடுங்கள். வாத்தியத்தை முதலில் கொடுத்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும்.

இன்னொன்று. சுருதிப் பெட்டியை அலுமாரியில் பூட்டிவிடுங்கள். மெலோடிக்காப் பிள்ளைகள் தங்களை அறியாமல் ஸ, ப என்று இனிமையாக ஒத்துப்போகப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இது முட்டி மோத வேண்டும், கரகரப்பாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் கேட்கிறார். ரெக்கோர்டர் வேண்டாம், காணாமல் போய்விடும். ஆர்மோனியத்துக்கும் கீபோர்ட்டுக்கும் மைக் வையுங்கள். முழுதாக வாசித்தால் 15 நிமிடத்துக்கு மேல் போகும். எட்டாம் வகுப்புக்கு ஒரு பகுதி போதும், ஆனால் வெட்டினால் நல்ல மௌனம் ஒன்று வரும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். ஸ்கோர் டோனெமுஸ் என்ற நெதர்லாந்துப் பதிப்பகத்திடம் இருக்கிறது. யாரோ போட்டோ பிடித்துப் போட்டதை நம்பாமல் அங்கே வாங்குங்கள்.

மாத்தளைக்காரன்:

எல்லாம் சரி, ஆனா இதுல சங்கீதம் எங்க இருக்கு? நானும் இப்ப போய்க் கேட்டேன். தகரக் கூரையில ஆலங்கட்டி. நம்ம பிள்ளைகளுக்குச் சுருதி சுத்தமா ஒரு கீர்த்தனை பாடவே வாய்ப்பில்ல, அதுக்குள்ள சுரமே வேணாம்னு படிப்பிக்கணுமா? யூனியனுக்குச் சந்தா வெட்டி வெட்டியே சம்பளத் துண்டு கிழிஞ்சு போச்சு, இப்ப ஸ்கூல் மேடையிலயும் யூனியனா? அதுவும் நம்மளை ஆண்ட ஒல்லாந்தன்கிட்ட இருந்து!

பண்டாரவளை ஆர்மோனியம்:

மாத்தளைத் தம்பி, ஒல்லாந்தர் 1658இலிருந்து 1796 வரை இருந்தது கரையோரம். கறுவாவைப் பார்த்தார்கள். 1765இல் கண்டிக்குள் படையோடு வந்தார்கள், நிலைக்க முடியவில்லை. நம்மை மலைக்குக் கொண்டுவந்தவன் வேறு ஆள், ஆங்கிலேயன். கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்புங்கள்.

அந்த ஒல்லாந்தர் கப்பல் ஏறிப் போன கதையையும் அன்ட்ரீசன் விடவில்லை. 1989இல் மேடையேறிய 'டெ மாட்டேரி' என்று நாலு பாகம் கொண்ட பெரிய படைப்பு. முதல் பாகம் பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் ஒரே கோர்டை 144 தரம் அடித்துத்தான் தொடங்கும். சுத்தியல் சத்தம் அது, கப்பல் கட்டுகிற சத்தம். பாடுவது என்ன தெரியுமா? 17ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டுவது எப்படி என்று எழுதிய புத்தகத்தின் வரிகளும், 1581இல் ஸ்பெயின் ராஜா இனி எங்களுக்கு ராஜா இல்லை என்று ஒல்லாந்தர் போட்ட அறிக்கையும். சுதந்திரத்தையும் கப்பலையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார். அந்தக் கப்பல் பிறகு எங்கே போனது என்று கேட்கிறவனுக்கு அந்தச் சுத்தியல் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். எனக்கு அப்படித்தான் கேட்டது.

சுரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கீர்த்தனையைச் செவ்வாய்க்கிழமை படிப்பியுங்கள், இதை வியாழக்கிழமை.

தப்புச் சத்தம்:

டீச்சர், நான் பொகவந்தலாவ பக்கம். எங்கப்பா தப்புக்காரர், தாத்தாவும் அதே. நானும் அடிப்பேன், வேலை கொழும்புல. சங்கீதக் கதையெல்லாம் அந்த ஐயா சொல்லிட்டார். தப்பைப் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல தோல். தலவாக்கலை மிஸ்ட்டு உங்களுக்குத் தெரியும். காலையில நல்லாக் காய்ச்சி இறுக்கின தப்பு, வெளியில கொண்டு வந்து பத்து நிமிஷத்துல 'தொப் தொப்'னு இறங்கிடும். கணீர்னு இருந்தாத்தான் வெட்டு வெட்டாக் கேட்கும். இறங்கிட்டா ரெண்டு அடிக்கு நடுவுல இருக்கிற இடைவெளி தெரியாது, நீங்க சொல்ற தாளமெல்லாம் மொத்தமாக் குழம்பிடும். அதனால மேடைக்குப் பின்னால நெருப்பு வேணும். விறகு வேணாம், அது புகையும். காய்ஞ்ச வைக்கோல் இல்லைன்னா காட்போட் பெட்டியைக் கிழிச்சுப் போட்டுச் சின்ன நெருப்பு. தப்பைச் சுத்திச் சுத்திக் காட்டணும். ஒரு இடத்துலயே பிடிச்சா தோல் வெடிச்சிடும். நடுவுல ஒருதரம் விரலால தட்டிப் பாக்கணும், ஓரத்துலயும் நடுவுலயும் சத்தம் பிரிஞ்சு வந்தாப் போதும். பிள்ளைங்க நாலு பேர் அடிக்கிறதுன்னா ஆறு தப்பு வைச்சுக்கங்க. ரெண்டு எப்பவும் நெருப்புப் பக்கத்துல காயட்டும், நடுவுல மாத்திக்கலாம்.

குச்சி ரெண்டு. வலது கையில அடிக்குச்சி, குட்டையா, தடியா. இடது கையில சிம்புக்குச்சி, மூங்கில்ல சீவினது, நீளமா, மெலிசா. அந்த ஒரு கோடு, மேலே கீழேன்னு ஐயா சொன்னாரே, அதுக்கு இது நல்லாவே ஒத்து வரும். நடுவுல அடிக்குச்சி விழுந்தா அடி சத்தம், ஓரத்துல சிம்புக்குச்சி பட்டா மேல் சத்தம். சுரம் இல்லாத வாத்தியத்துக்குன்னே எழுதினாப்ல இருக்கு.

இப்ப வேற விஷயம். கோவிச்சுக்காதீங்க. முன்னாடியெல்லாம் விடியக்காலையில தப்பு அடிச்சுத்தான் லயத்தை எழுப்புவாங்க, வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்குப் போகச் சொல்லி. சாவுக்குத் தப்பு. திருவிழாவுக்குத் தப்பு, ஆனா கோயில் வாசலுக்கு வெளியில நின்னு. காமன் கூத்துன்னா எங்கப்பா இல்லாம நடக்காது, ஆனா கூத்து முடிஞ்சா சாப்பாடு தனியா வரும். இப்ப ஒரு வெள்ளைக்காரர் பேரைச் சொன்னதும் எல்லாரும் தப்பைத் தேடுறீங்க. தேடுங்க, சந்தோஷம்தான். அந்தப் பையனோட அப்பாவைக் கூப்பிட்டுத் தப்பு பழக்கச் சொன்னா, அவரை மேடையில எங்க உட்கார வைப்பீங்க? நோட்டீஸ்ல அவர் பேரு எந்த இடத்துல வரும்? கைக்காசு குடுப்பீங்களா, இல்ல ஒரு துண்டு போத்தி அனுப்பிடுவீங்களா? மத்த பெற்றோர் 'எங்க பிள்ளை கையில தப்பா'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? தாளத்தைவிட அதுதான் கஷ்டம்.

தலவாக்கலை சங்கீத டீச்சர்:

தப்புச் சத்தம் தம்பி, கோபமெல்லாம் இல்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன், நீங்கள் கேட்டது நல்லது.

நேற்று அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அப்பா முதலில் உட்காரவே மாட்டேன் என்றார், நின்றபடியே பேசினார். போனில் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "இது யாரும் யாரையும் விட்டுட்டுப் போகாத அடி" என்றார். பிறகு, மூன்றாவது நிமிடம் அளவில் ஓர் இடத்தைத் திரும்பப் போடச் சொல்லி, முழங்காலில் தட்டிப் பார்த்தார். அந்த வெட்டை நான் இரண்டு நாளாக எழுத முடியாமல் விட்டு வைத்திருந்தேன். அவருக்கு உடனே வந்துவிட்டது. பழக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

நோட்டீசில் அவர் பெயர் எனக்கு மேலே வரும். மேடையில் நடுவில் உட்கார்ந்து அவரே அடிக்கப் போகிறார், ஓரத்தில் நின்று இல்லை. காசு விஷயம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேச வேண்டும், அவர்கள் இழுத்தால் என் பையில் இருந்து கொடுப்பேன்.

பெற்றோர் விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது. ஒரு தாய் வந்து, "சாவுக்கு அடிக்கிறதை எம் மகளுக்குக் குடுக்காதீங்க" என்றார். நான் வாதாடவில்லை. அந்தப் பிள்ளைக்கு மெலோடிக்கா கொடுத்திருக்கிறேன், தப்புக்குப் பக்கத்துக் கதிரையில்.

ஆர்மோனியம் ஐயா, இரண்டு கேள்வி. தாளத்தைப் பிள்ளைகள் சொற்கட்டில் பிடித்துவிட்டார்கள், ஆனால் வாத்தியம் கைக்கு வந்ததும் வேகம் கூடிப்போகிறது, எப்படி நிறுத்துவது? மற்றது, அன்ட்ரீசன் சொன்ன அரசியல் உண்மைதானா? இசையால் ஏதாவது மாறும் என்று நம்பினாரா, இல்லை பெயருக்கு வைத்ததா? அதிபர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பண்டாரவளை ஆர்மோனியம்:

வேகத்துக்கு மருந்து: பாதத்தால் தாளம் போடச் சொல்லாதீர்கள், அதுதான் ஓட வைக்கும். ஒரு பிள்ளை மட்டும் நடுவில் நின்று சொற்கட்டைச் சத்தமாகச் சொல்லட்டும், மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்து வாசிக்கட்டும். தினமும் ஆளை மாற்றுங்கள். தலைவி யார் என்ற சண்டை வராது, எல்லாருக்கும் முழுத் தாளமும் தெரிந்துவிடும். நீங்கள் முன்னால் நின்று கையை ஆட்டவே வேண்டாம்.

அரசியல் கேள்விக்கு நேரான பதில் அவரே தந்திருக்கிறார், 'டெ ஸ்டாட்' என்ற படைப்பில். 1972இல் தொடங்கி 1976இல் முடித்தது. நான்கு பெண் குரல், நான்கு ஓபோக் குடும்பத்து ஊதுகுழல், நான்கு கொம்பு, நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ரொம்போன், இரண்டு ஹார்ப், இரண்டு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், இரண்டு பியானோ, நான்கு வியோலா. வயலின் ஒன்றுகூட இல்லை, பாருங்கள். அந்தப் பெண்கள் கிரேக்க மொழியில் பாடுவது பிளேட்டோ எழுதியதை. நல்ல அரசில் எந்த ராகம் இருக்கலாம், எது கூடாது என்று பிளேட்டோ ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். லிடியன் வகை புலம்பலுக்கானது, தள்ளு. நிறைய நரம்பு வைத்த வாத்தியம் வேண்டாம். குழல் செய்கிறவனை ஊருக்குள் சேர்க்காதே. இசையின் முறையை மாற்றினால் அரசின் சட்டமே ஆடிப்போகும், கவனம்!

தப்புச் சத்தம் தம்பி கேட்ட கேள்வி இதுதானே. எந்த வாத்தியம் உள்ளே, எது வாசலுக்கு வெளியே.

அன்ட்ரீசன் இந்த வரிகளை எடுத்து, பிளேட்டோ தள்ளச் சொன்ன மாதிரியான சத்தத்தை வைத்தே பாட வைத்தார். ஆனால் அவர் ஏமாளி இல்லை. இசை புதிதானால் அரசுக்கு ஆபத்து என்று பிளேட்டோ சொன்னது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கியதாகத்தான் குறிப்பு. ஒரு கோர்டு மட்டும் ஆளும் கட்சிக்கோ எதிர்க் கட்சிக்கோ சொந்தமாகாது என்பது அவருக்குத் தெரியும். யார் வாசிக்கிறார்கள், யாருக்காக, எங்கே, காசு யாருடையது, இதெல்லாம் அரசியல். அந்தக் கருத்தில் அவர் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. டென் ஹாக் கல்லூரியில் பல வருடம் படிப்பித்தார், உலகம் முழுக்க இருந்து பிள்ளைகள் வந்தார்கள், இங்கிலாந்தின் ஸ்டீவ் மார்ட்லண்ட் அதில் ஒருவர். 2013இல், எந்த மண்டபத்தில் தகரத் தவளை கொண்டுபோய்ச் சத்தம் போட்டாரோ அதே கொன்செர்ட்கெபௌ ஓர்கெஸ்ட்ராவுக்கு 'மிஸ்டேரியன்' எழுதிக் கொடுத்தார். சமரசம் என்று சிலர் சொன்னார்கள். 44 வருடம் கழித்து அவர்களே வந்து கேட்டிருக்கிறார்கள், கொடுத்தால் என்ன? அவருடைய பிற்கால ஓபராக்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயை வைத்து எழுதிய 'லா கொம்மேடியா'வுக்கு 2011இல் க்ராவேமையர் பரிசு கிடைத்தது, பெரிய பரிசுதான், ஆனாலும் எனக்கு அந்த 70களின் முரட்டு அடிதான் வேண்டும். 2021 ஜூலை 1ஆம் திகதி காலமானார், 82 வயது.

அதிபருக்கு வெளிநாட்டு உதாரணம் போதாதென்றால் நம் ஊர் உதாரணம் இருக்கிறது. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை, 30களிலும் 40களிலும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டெழுதித் தானே பாடியவர். மக்களுக்குப் பழகிய மெட்டு, அதில் சம்பளம், உரிமை, துரைமார் செய்கிற அநியாயம். துண்டுப் பிரசுரத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவர் வழி வேறு, சொல்லை நம்பினார். அன்ட்ரீசன் சொல்லே இல்லாமல் கூட்டத்தை நம்பினார். கலைவிழாவில் மீனாட்சி அம்மையின் பாட்டு ஒன்றை முதலில் பாடவிட்டு அடுத்ததாக இதை வைத்தால், அதிபருக்கு விளக்கமே தேவைப்படாது.

மாத்தளைக்காரன்:

சரி ஐயா, 'டெ ஸ்டாட்' கேட்டுப் பாத்தேன். இது பரவாயில்ல. அந்தப் பொம்பளைங்க பாடுற இடம் நல்லா இருக்கு. 'யூனியன்' இன்னும் எனக்குச் சத்தம்தான். ஆனா டீச்சர் அந்த மனுசனை நடு மேடையில உட்கார வைக்கிறதைப் பாக்கணும். திகதி சொல்லுங்க, மாத்தளையில இருந்து வர பஸ் எல்லாம் பாத்துக்கறேன்.

தப்புச் சத்தம்:

டீச்சர், பேரு மேல வரும்னு சொன்னீங்களே, அதை அப்பாகிட்டச் சொன்னேன். ஒண்ணும் பேசல. பிறகு, "எத்தனை தப்பு வைச்சிருக்காங்களாம்?"னு கேட்டார்.

எங்க வீட்டுல நாலு இருக்கு, ரெண்டுக்குத் தோல் மாத்தணும். ஒண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு, அதைச் சின்னப் பிள்ளைங்க தூக்க முடியாது, அதை அந்தப் பையனோட அப்பாவுக்குக் குடுங்க. சிம்புக்குச்சி புதுசா சீவிக் கொண்டு வரோம், பிள்ளைங்க கை அளவுக்கு.

அப்பாவும் நானும் வந்து ஒரு நாள் பழக்கிட்டுப் போறோம். இந்தச் சனி முடியாது, தோட்டத்து மேற்கணக்குப் பிரிவுல ஒரு கருமாதி இருக்கு, அப்பா போகணும். ஞாயிறு காலை பத்து மணிக்கு வரலாமா? காட்போட் பெட்டி மட்டும் நீங்க சேர்த்து வைங்க.

தலவாக்கலை சங்கீத டீச்சர்:

ஞாயிறு பத்து மணி சரி தம்பி. கீழ்ப்பிரிவுக் கடையில் சொல்லிப் பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், எல்லாரும் ஒன்றாக.